வடக்குப் பாலத்தில் நான்கு லாரி

அக்னெஸ் ப்ரோகோப்புக்கு முட்டாள்களைக் கண்டால் ஆகாது. யுத்தகாலச் சிகாகோவில், அதுவும் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் கம்பெனியில், இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. காலையில் ஆலைக்குள் நுழையும்போதே அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். மாலையில் டிராம் ஏறும்போது அது வெடித்து ஓய்ந்து வெறும் தலைவலியாக மிஞ்சியிருக்கும்.

ட்ரெம்லெட் ரேடியோ கம்பெனி யுத்தத்துக்கு முன்னால் வீட்டு ரேடியோ செய்துகொண்டிருந்தது. மரப்பெட்டிக்குப் போட்ட பாலீஷில் முகம் பார்க்கலாம். உள்ளே இருந்த சரக்கோ முகத்தைத் திருப்பிக்கொள்ள வைக்கும். யுத்தம் வந்ததும் கம்பெனி ஒரே நாளில் தேசபக்தியில் மூழ்கிவிட்டது. மரப்பெட்டிக்குப் பதில் தகரப்பெட்டி, பாலீஷுக்குப் பதில் பச்சை பெயிண்ட். ஆய்வுக்கூடத்து இளைஞர்கள் பாதிப்பேர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்த அக்னெஸை வேலைக்கு எடுத்தார்கள். வேறு வழியில்லாமல்தான் எடுத்தார்கள். அதை அவளிடம் மறைக்கக்கூட யாரும் சிரமப்படவில்லை.

ராணுவம் கேட்டது நல்ல சாமான். ஒரு சிப்பாய் முதுகில் மாட்டிக்கொண்டு, நடந்துகொண்டே பேசவும் கேட்கவும் ஒரு ரேடியோ செட். லாரி வேண்டாம், கம்பி இழுக்க வேண்டாம். ட்ரெம்லெட்காரர்கள் செய்ததற்கு ஏழு-பி என்று பெயர். மேஜைமேல் வைத்தால் அது சமர்த்தாகப் பேசும். மனிதன் முதுகில் ஏற்றினால்தான் வம்பு. வெயிலில் சூடேறியதும், ஆள் நாலு தடவை குனிந்து நிமிர்ந்ததும், பிடித்திருந்த அலைவரிசையை மெல்ல நழுவவிட்டுவிடும். அப்புறம் காதில் உஸ்ஸென்று இரைச்சல்தான்.

இதற்கு மருந்தை அக்னெஸ் கண்டுபிடித்திருந்தாள். நழுவுகிற அலைவரிசையைச் செட்டே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்படி உள்ளே ஒரு சின்ன அமைப்பைச் சேர்க்க வேண்டும். ஆறு வாரம் கொடுங்கள் என்று விற்பனைத் தலைவர் ராய் ஹாஸ்கின்ஸிடம் கேட்டாள். ஹாஸ்கின்ஸுக்கு ரேடியோ வால்வுக்கும் வீட்டு விளக்குக்கும் வித்தியாசம் தெரியாது. எந்த அதிகாரிக்கு எந்த விஸ்கி பிடிக்கும் என்பது மட்டும் தலைகீழாகத் தெரியும். ஆறு வாரம் தாமதித்தால் கிழக்கே இருக்கிற போட்டிக் கம்பெனி ஆர்டரைத் தட்டிக்கொண்டு போய்விடும் என்று அவர் சொன்னார். செட்டுதான் எல்லாப் பரிசோதனையிலும் தேறிவிட்டதே என்றும் சொன்னார்.

தேறியது உண்மைதான். எப்படித் தேறியது என்பதுதான் வேடிக்கை.

பரிசோதனைக்குப் பொறுப்பு மேஜர் லாத்ரப். யுத்தத்துக்கு முன்னால் அவர் ஒஹையோவில் பியானோ விற்றுக்கொண்டிருந்தார். பியானோ விற்றவருக்குச் சத்தத்தைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று எவனோ ஒரு புத்திசாலி முடிவுகட்டி, அவருக்கு உடுப்பை மாட்டி ட்ரெம்லெட்டுக்கு அனுப்பிவைத்தான். வந்ததும் அவர் செய்த முதல் காரியம், பரிசோதனைக்கென்று ஒரு வாக்கியம் எழுதியது. "வடக்குப் பாலத்தில் நான்கு லாரி நிற்கிறது, இரண்டில் ரொட்டி, இரண்டில் குண்டு." மனிதர் வாயில் வரும் அத்தனை ஓசையும் இதில் அடக்கம் என்று அவருக்கு ஒரே பெருமை. அதைத் தாளில் அச்சடித்தே வைத்துவிட்டார்கள். ஒருவன் தூரத்தில் நின்று இதைச் சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கும்போது ஆரஞ்சுக் கொடியை ஆட்டுவார்கள். இந்தப் பக்கம் ரிசீவரைக் காதில் வைத்திருப்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் செட் தேறியது.

எப்படித் தேறாமல் போகும்? ஆலையில் அந்த வாக்கியம் தெரியாத ஆளே கிடையாது. கேன்டீனில் சூப் ஊற்றும் பெண்கள் அதைச் சொல்லிக்கொண்டே ஊற்றுவார்கள். லிஃப்ட்காரர் மாடிக்கு மாடி அதைப் பாடுவார். கொடி ஆடியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, வரப்போகிற வார்த்தைகளையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு, இரைச்சலுக்குள் ஒரு முனகல் கேட்டால் போதும், மிச்சத்தை மூளையே போட்டு நிரப்பிக்கொள்ளும். இதை அக்னெஸ் மேஜரிடம் பொறுமையாகத்தான் சொன்னாள். அவளுடைய பொறுமை எவ்வளவோ அவ்வளவு பொறுமையாக.

"எல்லா ஓசையும் இதுல இருக்கே, மிஸ் ப்ரோகோப்," என்றார் மேஜர். "அப்புறம் வேற வாக்கியம் எதுக்கு?"

ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவள் வெளியே வந்துவிட்டாள்.

அதோடு விட்டிருப்பாள். ஊரில் இருக்கிற மடையர்கள் எல்லாரையும் திருத்துவது அவள் வேலை இல்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி எமில், விஸ்கான்சின் முகாமிலிருந்து லீவில், சிகாகோவை ஒட்டிய சிசரோவில் இருந்த வீட்டுக்கு வந்தான். பட்டாளத்தில் பிள்ளை இருக்கிற வீடு என்பதற்கு அடையாளமாக, ஜன்னலில் அவனுக்காக நீல நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா ரேஷன் சர்க்கரையைச் சேர்த்துவைத்துக் கசகசா பூரணம் வைத்த ரொட்டி சுட்டிருந்தாள். எமில் ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற தோள். சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"என் முதுகைப் பாத்துட்டு, உனக்கு ரேடியோதான்டானு சொல்லிட்டாங்க அக்கா. எது தெரியுமா? உங்க ஏழு-பி. கப்பல் ஏறும்போது கையில குடுப்பாங்களாம்."

"வேற ஆளே இல்லையாமா? சமையல்கூடம் கேளு."

"அக்கா செஞ்ச செட்டத் தம்பி தூக்கறான். இதைவிட என்ன வேணும்?"

அவன் சிரித்தான். அக்னெஸ் கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காத பெட்டியை முதுகில் சுமந்துகொண்டு, எங்கோ ஒரு மலைச்சரிவில், உதவி கேட்டுக் கத்திக்கொண்டு இவன் நிற்கப்போகிறான். அங்கே யாரும் கொடி ஆட்ட மாட்டார்கள்.

கடைசிப் பரிசோதனை ஜூன் மாதத்தில், இண்டியானா ஏரிக்கரை மணல்மேடுகளில் நடந்தது. வாஷிங்டனிலிருந்து ஒரு ஜெனரல் வந்திருந்தார். ஹாஸ்கின்ஸ் பந்தல் போட்டு, மேஜை விரிப்பு விரித்து, பன்றிக்கறி சாண்ட்விச்சும் அசல் காப்பியும் வைத்திருந்தார். ஊரெல்லாம் ஒரு கரண்டி காப்பிப் பொடிக்குக் கூப்பன் நீட்டிக்கொண்டிருந்த காலம். இந்தக் காப்பி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. குடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

பேசும் செட்டோடு ஒரு மைல் தள்ளி, பெரிய மேட்டுக்குப் பின்னால் நின்றது அக்னெஸும் சார்ஜண்ட் ப்ளெவின்ஸும். ப்ளெவின்ஸ் கென்டக்கிக்காரன். துனிசியாச் சண்டையில் காலில் அடிபட்டு வந்தவனை, செட் சுமந்த அனுபவம் உள்ளவன் என்று கம்பெனிக்கு அனுப்பியிருந்தார்கள். வார்த்தைக்கு வார்த்தை இழுத்துப் பேசுவான். ஓயாமல் புகையிலையை மென்று தகர டப்பாவில் துப்புவான். சீட்டாட்டத்தில் பெட்டி கட்டும் பையன்களை ஏமாற்றுவான் என்று பேச்சு. அக்னெஸ் அவனை மனிதக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. செட்டுக்கு ஒரு முதுகு வேண்டும், அவனிடம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

மேட்டின் உச்சியில் கொடியோடு ஒரு சிப்பாய் நின்றான். அந்தப் பக்கம் எல்லாரும் தயார் என்று அவன் கத்திச் சொன்னதும், அக்னெஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பியானோக்காரர் தலையாட்டுவார், ஜெனரல் கையெழுத்துப் போடுவார், எமிலின் விதி முடிவாகிவிடும். அவள் ப்ளெவின்ஸின் முதுகுப்பக்கம் போய், செட்டின் அடிமூடியைத் திறந்து, செங்கல் கனமிருந்த பாட்டரியை உருவி எடுத்தாள்.

"என்ன மேடம், முதுகு லேசாயிடுச்சு?"

"பேசாம நில்லு."

"பேசத்தானே வந்தோம்?"

கொடியை ஆட்டச் சொன்னாள். கொடி ஆடியது. ஏரிக்காற்று அடித்தது. ப்ளெவின்ஸ் துப்பினான். சற்று நேரத்தில் பந்தலிலிருந்து பதில் கொடி ஆடுகிறது என்று உச்சியில் இருந்த சிப்பாய் சொன்னான். நன்றாகக் கேட்டதாம்.

ஜீப்பை ஓட்டி வரும் வழியெல்லாம் ப்ளெவின்ஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அக்னெஸ் சிரிக்கவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் கைதட்டல் ஓய்ந்திருக்கவில்லை. மேஜர், நான்கு லாரியையும் ரொட்டியையும் குண்டையும் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்திருந்தார். அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கி ஜெனரலும் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, கணீரென்று இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அக்னெஸ் நேராக மேஜைக்குப் போய், சாண்ட்விச் தட்டுக்குப் பக்கத்தில் பாட்டரியை வைத்தாள்.

"இது இல்லாம பேசுற செட்ட நான் இன்னும் கண்டுபிடிக்கல," என்றாள்.

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. முதலில் சுதாரித்தது ஹாஸ்கின்ஸ். சோதனை முடிந்த பிறகுதானே பாட்டரியை எடுத்திருப்பாள், களைப்பில் ஏதோ சொல்கிறாள் என்று பூசி மெழுகினார். பிறகுதான், பிறகுதான் என்று மேஜரும் ஒத்து ஊதினார். ஜெனரல் மட்டும் பாட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முட்டாள் இல்லை. ஆனால் ஜெனரல். காதில் விழாததை விழுந்தது என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்ட ஜெனரல். கடைசியில் அவர் செட்டை விரலால் தடவிப் பார்த்து, இந்தப் பச்சை ராணுவப் பச்சை இல்லையே என்றார். பெயிண்ட் சரியாகும்வரை ஆர்டர் நிற்கட்டும் என்றார். காருக்குப் போகும் வழியில் அக்னெஸின் பக்கத்தில் வந்து ஒரு கணம் நின்றார்.

"பெயிண்ட் காய எத்தனை நாள் வேணும்?"

"ஆறு வாரம் சார்."

"காயட்டும்," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அந்த ஆறு வாரமும் அக்னெஸின் கால் தரையில் பாவவில்லை. பகலெல்லாம் செட்டைப் பிரித்து வேலை செய்தாள்; சாப்பாட்டு வேளையில் கேன்டீனில் கதை சொன்னாள். மேஜர் கண்ணை மூடிக்கொண்டு இரைச்சலைக் கேட்டு உருகியதை (அதை அவள் பார்க்கவே இல்லை) நடித்துக் காட்டினாள். அந்த மனிதர் காதில் யார் வேண்டுமானாலும் பூச்சுற்றலாம் என்றாள். படித்துப் பதவிக்கு வந்தவர்களுக்கு நடுவில், காதைக் காதாக வைத்திருக்கிற ஒரே ஆள் தான்தான் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது. தம்பியைப் பற்றியும் சொன்னாள். மூலை மேஜையில் உட்கார்ந்து புகையிலை மென்றுகொண்டிருந்த ப்ளெவின்ஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கேட்கிறானா இல்லையா என்று அவள் கவலைப்படவில்லை.

ஏற்கெனவே செய்து குவித்திருந்த பழைய செட்டுகளுக்கும் ஹாஸ்கின்ஸ் பெயிண்ட் மாற்றினார். பழைய பச்சைக்கும் புதிய பச்சைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க இன்னொரு மேஜரைத்தான் வரவழைக்க வேண்டும். அவை பெட்டியில் அடைக்கப்பட்டுக் கிடங்கில் காத்திருந்தன. அக்னெஸின் புதிய செட் தேறினால் அது போகும், தேறாவிட்டால் கிடங்கில் இருப்பது போகும் என்று ஏற்பாடு. கடைசி வாரத்தில் எமில் டெலிபோன் செய்தான். படை சீக்கிரமே கிளம்புகிறதாம், செட்டுகள் நேரே முகாமுக்கு வந்துவிடுமாம்.

"தேறிடும்ல அக்கா?"

"நீ தோளை மட்டும் பாத்துக்க," என்றாள் அவள். டெலிபோனை வைத்துவிட்டு, செட்டின் படத்தை எடுத்து முதலிலிருந்து சரிபார்க்க உட்கார்ந்தாள்.

மறுபடி அதே மணல்மேடு, அதே பந்தல். இந்தத் தடவை ஜெனரலும் இல்லை, காப்பியும் இல்லை. சாண்ட்விச்சில் முட்டைதான். மேஜர், ஹாஸ்கின்ஸ், அக்னெஸ், மேட்டுக்குப் பின்னால் புதிய செட்டோடு ப்ளெவின்ஸ், உச்சியில் கொடிக்காரச் சிப்பாய். இவர்களையும் சாமான்களையும் ஏற்றிவந்த வாடகை வேனின் டிரைவர் காரிகன், கதவைத் திறந்து போட்டுக் காலை நீட்டிக் குதிரைப் பந்தயப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான். வரும் வழியெல்லாம் அவன் எதையும் விசாரிக்கவில்லை. என்ன பெட்டி, எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

வாக்கியம் மாறவில்லை. தாளில் அச்சடித்துவிட்டார்களே! அக்னெஸ் அதற்காக மன்றாடவும் இல்லை. ரிசீவரைத் தானே வைத்துக்கொள்ளப்போவதாக மட்டும் சொன்னாள்.

"இங்க இருக்கற மத்தக் காதுகளை நான் நம்பறதா இல்ல," என்றாள், மேஜரின் முகத்தைப் பார்த்தே.

மேஜர் குனிந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கொடி ஆடியது. அக்னெஸ் கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் இரைச்சல். இரைச்சல் இருக்கத்தான் செய்யும், புதிய அமைப்பு அலைவரிசையைத் தேடிப் பிடிக்க ஒரு கணம் ஆகும். அவளே செய்தது, அவளுக்குத் தெரியாதா? பிடித்தது. இரைச்சலுக்கு அடியிலிருந்து, தூரத்து அறையில் பேசுவதுபோல, அந்தக் கென்டக்கி இழுவை மேலே வந்தது. வடக்குப் பாலத்தில். நான்கு லாரி. ரொட்டியில் ஒரு இழுப்பு, குண்டில் ஒரு இழுப்பு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எமிலின் தோளில் அந்தப் பட்டை அழுந்துவதுகூடத் தெரிந்தது. ஆறு வாரத்தில் முதல் தடவையாக மூச்சு முழுதாக உள்ளே போனது.

"கேட்டுடுச்சு," என்றாள். "ஒரு எழுத்து விடாம கேட்டுடுச்சு."

மேஜர் எழுதிக்கொண்டார். ஹாஸ்கின்ஸ் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், அவளும் குலுக்கவிட்டாள். அன்று அவளுக்கு ஹாஸ்கின்ஸ்கூட மனிதராகத் தெரிந்தார். ஜீப் வந்து நின்றது. ப்ளெவின்ஸ் நொண்டிக்கொண்டு பந்தலுக்குள் வந்து, கக்கத்தில் இடுக்கியிருந்த பாட்டரியை எடுத்து, முட்டை சாண்ட்விச்சுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது இல்லாம பேசுற செட்ட கண்டுபிடிச்சுட்டீங்க போலிருக்கே மேடம்."

அக்னெஸுக்கு முதலில் அவன் சொன்னது ஏறவே இல்லை.

"நான் கேட்டேன்," என்றாள். "உன் குரல்தான். அந்த இழுவை."

"நான் வாயே திறக்கல. திறந்திருந்தா புகையில விழுந்திருக்கும்."

எவ்வளவு கேவலமான மனிதன், ஆறு வாரமாக இதற்காகக் காத்திருந்தானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைத் திட்ட வாயெடுத்தாள். அவன் முகத்தில் சிரிப்பு இல்லாததால் நிறுத்திக்கொண்டாள்.

துனிசியாவில் எங்க லெஃப்டினன்ட் நல்ல மனுஷர் என்று ஆரம்பித்தான் ப்ளெவின்ஸ். நல்லாப் படித்தவர். மூன்று நாளாகக் கணவாயில் சிக்கிக்கொண்டு, பாதை காலி, வரலாம் என்று மேலிடத்திலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவருக்கு அது கேட்டுவிட்டது. குரல்கூட யாருடையது என்று சொன்னார். எழுந்து நடந்தோம். அந்தப் பக்கம் அப்படியொரு வார்த்தையை யாரும் சொல்லவே இல்லை என்பது, மிஞ்சினவர்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவ்வளவுதான் அவன் சொன்னது. எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஹாஸ்கின்ஸ் தொண்டையைச் செருமினார். அவருடைய புத்தி ஒரே தடத்தில்தான் ஓடும். சோதனை முடிந்த பிறகுதானே சார்ஜண்ட் பாட்டரியை எடுத்தான் என்று கேட்டார். மேஜர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அக்னெஸைப் பார்த்தார். அந்த முகத்தில் ஏளனம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இருந்தது பரிவு.

"பரவாயில்ல, மிஸ் ப்ரோகோப்," என்றார் தணிந்த குரலில். "எல்லாருக்கும் நடக்கறதுதான்."

எல்லாருக்கும். யாரையெல்லாம் அவள் கேன்டீனில் நடித்துக் காட்டினாளோ அந்தக் கூட்டம் நகர்ந்து உட்கார்ந்து, வா என்று அவளுக்கு இடம் கொடுத்தது. உட்கார்ந்துவிட்டால் காரியம் முடிந்தது. புதிய செட் எமிலுக்குப் போகும். புதிய செட் வேலை செய்யும் என்றுதான் அவள் நினைத்தாள். நினைத்தாளே தவிர, அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவளிடம் இருந்தது ஒரே ஜோடிக் காது, அது எப்படிப்பட்ட காது என்று இப்போதுதான் மேஜைமேல் வைத்துக் காட்டியிருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றாள். "அப்படியே எழுதுங்க."

"அப்ப கிடங்குல இருக்கறதுதான் போகும்," என்றார் ஹாஸ்கின்ஸ்.

"இன்னொரு தடவ பண்ணலாம்."

"பண்ணலாம்," என்றான் ப்ளெவின்ஸ், பாட்டரியைத் திரும்பக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "ஆனா நீங்க கேக்கக் கூடாது. மேஜரும் வேணாம். அவரு வேணவே வேணாம்." ஹாஸ்கின்ஸைத்தான் கடைசியாகக் காட்டினான்.

வேறு யார் இருக்கிறார்கள்? எல்லாரும் ஒரே சமயத்தில் வேனின் பக்கம் திரும்பினார்கள். காரிகன் குதிரைகளை மடித்து வைத்துவிட்டு, கொட்டாவி விட்டபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என்ன சொல்லணும்?"

"காதுல விழறத," என்றாள் அக்னெஸ்.

"விழலன்னா?"

"விழலன்னு சொல்லணும்."

"இதுக்கா இத்தனை பேரு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டான்.

ஜீப் மேட்டுக்குப் பின்னால் மறைந்தது. வெகுநேரம் கழித்துக் கொடி ஆடியது. மேஜரின் உதடுகள் தாமாகவே அசையத் தொடங்கின. வடக்கு என்பது பாதி வெளியே வந்துவிட்டது. அக்னெஸ் அவர் கையை அழுத்திப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒண்ணும் விழல," என்றான் காரிகன்.

அக்னெஸ் மேட்டின் உச்சியைப் பார்த்தாள். கொடி ஆடி ஓய்ந்துவிட்டது. ஹாஸ்கின்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் விழல. உஸ்ஸுங்குது."

அவன் அதைச் சொன்ன விதம் அவளை அறைந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னான். ஒரு மேஜராலும் ஒரு ஜெனரலாலும் பௌதிகம் படித்த ஒருத்தியாலும் சொல்ல முடியாமல் போன வாக்கியம் அது.

"இரு," என்றான் காரிகன். "எவனோ இருமறான். துப்பறான்." தலையைச் சாய்த்துக்கொண்டு, கணக்கு ஒப்பிப்பதுபோல ஒரே தொனியில் சொல்லத் தொடங்கினான். "சிகாகோவுலயே பெரிய வாய்க்காரி அங்க உக்காந்திருக்கா. அவகிட்ட சொல்லு. மேஜரு ஜெனரலுக்காகக் கேட்டாரு. அவ தம்பிக்காகக் கேட்டா. எங்க லெஃப்டினன்ட்டு..." நிறுத்தினான். "நடுவுல கொஞ்சம் போயிடுச்சு. ம், வந்துடுச்சு. செட்டு நல்லாத்தான் செஞ்சிருக்கா. பையன் தூக்கட்டும். கேக்கறது சரியா இல்லேன்னா ரெண்டாவது தடவ சொல்லச் சொல்லிக் கேக்கணும்னு அவன்கிட்ட சொல்லச் சொல்லு. அவ்வளவுதான். மறுபடியும் துப்பறான்."

ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு முட்டை சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டான்.

"யாரு அந்த வாய்க்காரி?"

"நான்தான்," என்றாள் அக்னெஸ். மேஜரின் பக்கம் திரும்பினாள். "எழுதிக்குங்க. நடுவுல கொஞ்சம் போச்சுன்னதையும் சேத்து எழுதுங்க."

தாளில் அச்சடித்த வாக்கியத்துக்குத்தானே இடம் இருக்கிறது என்று மேஜர் தயங்கினார். அதை அடித்துவிட்டு எழுதச் சொன்னாள் அவள். அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு நான்கு லாரியையும், ரொட்டியோடும் குண்டோடும் சேர்த்து, ஒரே கோடாக அடித்தார்.

"வாய்க்காரின்னே போடட்டுமா?" என்று கேட்டார்.

"அப்படியே போடுங்க," என்றாள்.